பச்சை விளக்கு எட்டும் தூரம்

மார்ச் 4

அன்புள்ள குச்சிக்கு,

இங்கே நான் சுகம், அங்கே எல்லோரும் சுகமா என்று நிதானமாக ஆரம்பிக்க ஆசைதான். அடுத்த மணி அடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இதென்ன, போனில் பேசாமல் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அத்தான் கட்டிலில் படுத்தபடியே காது கொடுக்கிறார். வைத்ததும் ஆரம்பம்: "யாரு? தம்பியா? என்ன சொன்னான்? நீ எதுக்குச் சிரிச்சே?" சிரித்ததற்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிடுகிறது. அதனால் எதிர்வரிசைத் தையல்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலையும் கடை முகவரிக்கே போடு. தையல்கார அம்மா ஓயாமல் பேசுவாள், ஆனால் அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்க மாட்டாள்.

அவர் ஏணியிலிருந்து விழுந்து ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. "எங்க போறே, எப்ப வருவேன்னு கேக்காத இடத்துல போய் இருக்கப் போறேன்" என்று நான் அவரிடம் சொன்ன மறுநாள்தான் விழுந்தார். பெட்டி கட்டி வைத்திருந்தது உனக்கும் தெரியும். விழுந்த மனிதரை விட்டுப் போக மனசு வரவில்லை. பெட்டியில் இருந்ததை எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன். இடுப்பெலும்பு சேர்ந்துவிட்டது, பழகினால் நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நடை பழக்க வந்த பெண்ணை "வலிக்குது, நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே அவர் அனுப்பிவிட்டார். ஒருநாள் அவளும் வருவதை நிறுத்திவிட்டாள்.

இப்போது தலைமாட்டில் ஒரு பித்தளை மணி. தண்ணீருக்கு மணி, தலையணைக்கு மணி, நான் வீட்டில்தான் இருக்கிறேனா என்று பார்க்கவும் மணி. தெரு ஜன்னலைத் திறந்து வைத்தால் சத்தம் இந்தக் கடைவரை கேட்கும். அதற்கு மேல் கேட்காது. ஆக, இந்தத் தையல் மெஷின்தான் என் உலகத்தின் எல்லை. கடையில் வாங்கிய காலிங்பெல் இதைக்கூட எட்டவில்லை. அவர் கையில் போன் கொடுத்தும் பார்த்துவிட்டேன். எடுத்தால் பேச்சு, பேச்சுக்கு முடிவே இல்லை: பக்கத்துல யாரு குரல், எங்க நிக்கிறே. மணி என்றால் கேள்வி கேட்காது பார்.

நீ ஏதோ சின்னச் சின்ன எலக்ட்ரானிக் பலகைகளைக் காற்றிலேயே பேச வைக்கிறாயாமே. இன்டர்நெட் இல்லாமல் ஆகுமா? அதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். கல்லூரி லேபில் சால்டரிங் பிடித்த கை இது, எழுதி அனுப்பினால் செய்துகொள்வேன். மருந்துக்கடையைத் தாண்டி பஸ் ஸ்டாப் பெஞ்ச் இருக்கிறது. அதில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்ஸைச் சும்மா பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

மணி அடிக்கிறது.

அக்கா

---

மார்ச் 11

அன்பு அக்கா,

குச்சி எழுதுகிறேன். குச்சிக்கு இப்போது தொப்பை என்று என் வீட்டுக்காரி கூடவே எழுதச் சொல்கிறாள்.

பார்சலில் இரண்டு மைக்ரோகன்ட்ரோலர் பலகை, இரண்டு பேட்டரி, என் பழைய லேப்டாப் இருக்கின்றன. இன்டர்நெட் வேண்டாம், சிம் வேண்டாம், யாருடைய தயவும் வேண்டாம். ஒவ்வொரு பலகையும் தானே ஒரு குட்டி வைஃபையைக் கிளப்பி, பக்கத்தில் தன் இனம் யாராவது இருக்கிறதா என்று தேடும். கண்டுபிடித்துவிட்டால் கைகோத்துக்கொள்ளும். இதைத்தான் வலை என்கிறோம்.

எழுதி வைத்த புரோகிராம் லேப்டாப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பலகையாகக் கேபிளில் சொருகி ஏற்ற வேண்டியதுதான். ஒன்றை மட்டும் மறக்காதே: வலையின் பெயர், கடவுச்சொல், சேனல் எண், மூன்றும் இரண்டு பலகையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்கூட ஒன்றையொன்று தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும்.

"படுக்கை" என்று ஒட்டிய பலகையில் பட்டன் இருக்கிறது. அது அத்தானுக்கு. "கை" என்பது உனக்கு, பையில் போட்டுக்கொள். அவர் அழுத்தினால் அது அதிரும். அத்தானுக்கு ஒரு சந்தோஷமாக இருக்கட்டும் என்று அவர் பலகையில் பச்சை விளக்கு ஒன்றும் வைத்திருக்கிறேன். உன் பலகை வலைக்குள் இருக்கும்வரை அது எரியும்.

உன் குச்சி

---

மார்ச் 19

அன்புள்ள குச்சிக்கு,

உன் பார்சல் வந்தது, உன்னைத் திட்டிக்கொண்டே பிரித்தேன். பலகையில் லைட் எரிகிறது, லேப்டாப்போ அப்படி ஒன்று சொருகியிருப்பதாகவே காட்ட மாட்டேன் என்கிறது. மூன்று கேபிள் மாற்றிப் பார்த்தேன். உன் அத்தான் உள்ளேயிருந்து, "என்ன பண்றே? ரொம்ப நேரமா சத்தமே இல்ல?" என்கிறார். சத்தம் வந்தாலும் கேள்வி, வராவிட்டாலும் கேள்வி.

என் மூளை துருப்பிடித்துவிட்டதா, உன் பலகை ஓட்டையா என்று உடனே எழுது.

அக்கா

---

மார்ச் 25

அன்பு அக்கா,

உன் மூளையும் சரி, என் பலகையும் சரி. அவை போன் சார்ஜ் பண்ணும் கேபிள்கள். உள்ளே மின்சாரத்துக்கு மட்டும்தான் கம்பி இருக்கும், பேச்சு போக வேறு கம்பி வேண்டும். நான் கறுப்புக் கேபிள் ஒன்றை லேப்டாப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் வைத்திருந்தேன், சொல்ல மறந்துவிட்டேன். என்னைத் திட்டியதில் பாதியை நியாயம் என்று ஏற்றுக்கொள்கிறேன்.

குச்சி

---

ஏப்ரல் 3

அன்புள்ள குச்சிக்கு,

பேசிவிட்டன! சமையலறை மேடையில் இரண்டையும் வைத்து, முதல் பலகைக்கு மின்சாரம் கொடுத்தேன். அது தனியாக உட்கார்ந்து தேடிக்கொண்டே இருந்தது. இரண்டாவதைச் சொருகியதும் லேப்டாப் திரையில் "புதிய இணைப்பு" என்று ஒரு வரி. அந்த வரியைப் பார்த்து ஒருத்தி கண்கலங்கினாள் என்று உன் ஆபீஸில் சொல்லாதே.

மேடையில் பேசியது வீட்டில் பேசவில்லை. அவர் படுக்கும் பின்னறைக்கும் கூடத்துக்கும் நடுவில் அந்த இரும்பு பீரோ இருக்கிறதே, அதற்குப் பின்னால் படுக்கைப் பலகையை வைத்தால் தெருவாசல் தாண்டியதும் செத்துவிடுகிறது. தையல்கடைகூட எட்டவில்லை. உன் வலையைவிடப் பித்தளை மணியே தேவலை.

இன்னொன்று. அந்தப் பச்சை விளக்கு. நல்லதென்று நினைத்துத்தான் வைத்தாய், தெரியும். ஆனால் நீ அவருக்கு ஒரு கண்ணைச் செய்து கொடுத்துவிட்டாய். தெருவில் கால் வைத்ததும் விளக்கு அணைகிறது. திரும்பி வந்தால், "லைட்டு போச்சே, எங்க போயிட்டே? லைட்டு எட்டாத தூரத்துல உனக்கென்ன வேலை?" முன்பு நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். இப்போது படுத்த இடத்திலிருந்தே பார்க்கிறார். எடுத்துவிடலாம் என்றால் பலகையைத் தர மறுக்கிறார். தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

அக்கா

---

ஏப்ரல் 10

அன்பு அக்கா,

விளக்கு என் தப்புதான். நீ போகும் இடமெல்லாம் எரிகிற மாதிரி செய்துவிட்டால் அதைப் பார்த்து அவர் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு வழி சொல்கிறேன்.

இன்னும் மூன்று பலகை அனுப்புகிறேன்: கூடம், தையல், மருந்து என்று பெயர் ஒட்டியிருக்கிறது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் காதில் போட்டுக் கைமாற்றிவிடும், அவ்வளவுதான் அவற்றின் வேலை. கூடத்துப் பலகையைப் பீரோவுக்கு இந்தப் பக்கம், வாசற்படி அருகில் உள்ள பிளக்கில் சொருகு. தையல், மருந்து இரண்டையும் அந்தந்தக் கடையில் கெஞ்சிக் கூத்தாடி வைத்துவிடு, இரண்டுக்கும் பேட்டரி உண்டு. படுக்கை கூடத்திடம் சொல்லும், கூடம் தையலிடம், தையல் மருந்திடம், மருந்து உன் பையிலிருப்பதிடம். பஸ் ஸ்டாப் பெஞ்ச்வரை எட்ட வேண்டும்.

உன் பலகை இனிமேல் யார் யாரோடு கைகோத்திருக்கிறார்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளும். ஒரு வாரம் விட்டு லேப்டாப்பில் சொருகினால் வரிவரியாகக் காட்டும். பார்த்து எழுதி அனுப்பு, பலவீனமான இடம் எதுவென்று சொல்கிறேன்.

குச்சி

---

ஏப்ரல் 27

அன்புள்ள குச்சிக்கு,

பெஞ்சில் உட்கார்ந்தேன்! இரண்டு பஸ் போனது. ஒன்றில் ஜன்னலோரம் ஒருத்தி வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். என்ன நிம்மதி அந்த முகத்தில். மூன்றாவது பஸ் வருவதற்குள் பை அதிர்ந்தது, ஓடினேன். போர்வை விலகியிருந்ததாம்.

விளக்கு இப்போது அணைவதே இல்லை. அதனால் கேள்வி குறையும் என்று நினைத்தாய். குறையவில்லை, மணிதான் கூடிவிட்டது. எவ்வளவு தூரம் போனாலும் அழுத்தினால் வருகிறாள் என்று கண்டுகொண்டார். கயிற்றை நீளமாக்கிக் கொடுத்திருக்கிறாய், முனை அவர் கையில்தான் இருக்கிறது. உன்மேல் கோபமில்லை. எனக்கே சிரிப்புத்தான் வருகிறது.

நீ கேட்ட வரிகள். பெரும்பாலும் ஒரே மாதிரிதான்:

படுக்கை – கூடம் – தையல் – மருந்து – கை.

செவ்வாய்க்கிழமை நான் மருந்துக்கடையில் வரிசையில் நின்றபோது தெரு முழுக்க கரண்ட் போய்விட்டது. கூடத்துப் பலகை பிளக்கில் இருப்பதுதானே, அது செத்திருக்கும். இன்று மணி வராது, நிம்மதியாக நிற்கலாம் என்று பார்த்தால் கொஞ்ச நேரத்தில் பை அதிர்கிறது! உன் வேலை கெட்டிதான் போ. அப்போது பதிவான வரி மட்டும் வேறு மாதிரி இருக்கிறது:

படுக்கை – தையல் – மருந்து – கை.

வியாழனன்றும் கரண்ட் போனது, அன்றும் இதே மாதிரி. ஆக, பலவீனமான இடம் எதுவுமில்லை. என்னைத் தவிர.

அக்கா

---

மே 4

அக்கா,

உட்கார்ந்து படி. கடையிலேயே படி, வீட்டுக்குக் கொண்டுபோகாதே.

படுக்கைப் பலகை நேராகத் தையல்கடையோடு பேசியிருக்கிறது. பீரோவும் இரண்டு சுவரும் தாண்டி அது முடியாது. நீயே சோதித்து, வாசல் தாண்டினால் செத்துவிடுகிறது என்று எழுதினாய். என் வேலை அவ்வளவு கெட்டியில்லை அக்கா. அந்தப் பலகை தெருப்பக்க ஜன்னலில் இருந்தால் மட்டும்தான் தையல்கடைக்கு எட்டும்.

கரண்ட் போனது, விளக்கு அணைந்தது, யாரோ பலகையை எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்து ஜன்னலுக்கு வந்து, விளக்கு எரிந்ததும் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். இரண்டு முறை. அப்போது வீட்டில் யார் இருந்தது?

நான் தப்பாகவும் இருக்கலாம். ஒரு நாள் மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, போகும்போது கூடத்துப் பலகையைப் பிளக்கிலிருந்து எடுத்துவிடு. தையல்கடைத் திரைக்குப் பின்னால் நின்று உன் வீட்டு ஜன்னலைப் பார்.

குச்சி

---

மே 12

அன்புள்ள குச்சிக்கு,

பார்த்தேன்.

திரையை விரலால் விலக்கிக்கொண்டு நின்றேன். தையல்கார அம்மா முதுகுக்குப் பின்னால், "என்ன பாக்குறீங்க, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி?" என்று கேலி பண்ணினாள். அப்புறம் அவளும் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். அவள் வாய் மூடி நான் கண்டது அன்றுதான்.

ஜன்னலில் நின்றார். ஒரு கையில் பலகை, இன்னொரு கையில் தண்ணீர் டம்ளர். பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. நேராக நின்று, இப்படி அப்படி இரண்டடி நகர்ந்து, விளக்கு எரியும் இடத்தைத் தேடினார். அது முதல்நாள் நடை இல்லை, குச்சி. தன் வீட்டில் தான் நடக்கும் நடை. டம்ளரைக் காலி பண்ணிவிட்டு, பட்டனை அழுத்தினார். என் பை அதிர்ந்தது.

உள்ளே போனபோது கட்டிலில் இருந்தார். "தண்ணி குடு, நாக்கு வறண்டு போச்சு" என்றார். கொடுத்தேன். குடித்தார். "காலு மரத்துப் போச்சு, அமுக்கி விடேன்" என்றார். அமுக்கினேன். கெட்டியான கால். தினமும் தொட்ட கால்தான், ஒரு நாளும் இப்படி நினைத்துத் தொட்டதில்லை.

எனக்கு எவ்வளவு கோபம் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பித்தளை மணியை எடுத்து ஜன்னலில் அடித்து நொறுக்கலாம் போலிருந்தது. ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் தெரியுமா? கேட்டால் அழுவார். "நீ போயிடுவேன்னுதான்" என்பார். அது நிஜமும்கூட. அழுகிறவரை என்ன செய்வது என்று எனக்கு ஒன்றுதான் தெரியும்: பெட்டியைப் பிரித்து அடுக்குவது.

அதனால் தெரியாதது மாதிரியே இருக்கிறேன். நேற்றும் கால் அமுக்கினேன்.

அக்கா

---

மே 19

அக்கா,

உன் கடிதத்தை இவளும் படித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க அக்காவைக் கூட்டிட்டு வாங்க" என்றாள். மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறோம். எங்கள் பக்கத்தில் கருவிகள் ரிப்பேர் பட்டறை ஒன்று இருக்கிறது. சால்டரிங் தெரிந்த ஆள் வேண்டுமாம். பட்டறைக்காரரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன், வரச் சொல்லுங்கள் என்கிறார். ஜூன் கடைசிவரை காத்திருப்பார்.

கோபித்துக்கொள்ளாதே, சொல்லிவிடுகிறேன். அவர் எழுந்து நடக்கிறார். நீதான் படுத்துக் கிடக்கிறாய். அவர் அழுதால் அழட்டும். அழுது யாருக்கும் இடுப்பு ஒடிந்ததில்லை.

வரும்போது ஒரு பலகையைப் பையிலேயே வைத்துக்கொள். எங்கள் வீட்டிலும் பட்டறையிலும் ஒவ்வொன்று வைத்துவிடுகிறேன். நீ எங்கே இருக்கிறாய், பத்திரமாக வந்து சேர்ந்தாயா என்று எனக்கும் தெரியும், நானும் நிம்மதியாக இருப்பேன்.

உன் குச்சி

---

ஜூன் 23

அன்புள்ள குச்சிக்கு,

இவ்வளவு நாள் பதில் போடாததற்கு உன் கடிதத்தின் நடுப்பத்திதான் காரணம். படித்துவிட்டு உன்னோடு பேசவே கூடாது என்று இருந்தேன். கழுவும் பாத்திரத்திலெல்லாம் அந்த வரிதான் தெரிந்தது. நல்லதாகப் போயிற்று.

போன வியாழக்கிழமை, காலைச் சாப்பாட்டை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு கட்டில் பக்கத்தில் நின்றேன்.

"நான் போறேன்" என்றேன்.

"எவ்வளவு நேரமாகும்? மருந்துக்கடைக்கா?"

"அதைத் தாண்டி."

"லைட்டு எரியுமா?" என்று கேட்டார். பெட்டியைப் பார்த்தார், குச்சி. பார்த்துவிட்டு அதைத்தான் கேட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

உன் பலகைகள் உன்னுடையவை, யார் வீட்டிலும் விட்டுவிட்டு வரக்கூடாது என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேன். அவரைச் சோதிப்பதற்காக இல்லை, சத்தியமாக அது என் மனதில் இல்லை. கூடத்துப் பலகையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். கதவைப் பூட்டாமல் சும்மா சாத்திவிட்டு இறங்கினேன். தெருவைக் கடப்பதற்குள் பை அதிர்ந்தது. ஜன்னலுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். திரும்பிப் பார்க்கவில்லை. தையல்கார அம்மா பலகையை எடுத்துக் கொடுத்து, "சாவிய எங்கிட்ட குடுங்க. சாப்பாட்டுக்கு நான் சொல்லி வைக்கிறேன். திரும்பி மட்டும் பாக்காதீங்க" என்றாள். அதன் பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்ததும் அதிர்வு நின்றது. மருந்துக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்தார். அதன் பேட்டரியையும் கழற்றினேன். பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பை அமைதியாக இருந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

அப்போது அதிர்ந்தது.

இடையில் ஒரு பலகையும் இல்லை, மூன்றும் என் பையில் செத்துக் கிடக்கின்றன. நிமிர்ந்து பார்த்தேன். மருந்துக்கடையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். பனியனோடு, செருப்பில்லாமல், பலகையை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை விளக்கிலிருந்து எடுக்காமல். ஒரு சைக்கிள்காரர் பிரேக் போட்டுத் திட்டினார், அதுகூட அவர் காதில் விழவில்லை. மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து நின்றார். தையல்கார அம்மா கழுத்தில் டேப்போடு நடுத்தெருவில் நின்றாள். ஒன்றரை வருடமாக "சாருக்கு எப்படி இருக்கு?" என்று என்னிடம் கேட்ட தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெஞ்ச் முன்னால் வந்து நின்றார். விளக்கு நன்றாக எரிந்தது.

"லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுது" என்றார், ஏதோ ரிப்பேர் சொல்கிற மாதிரி.

அப்புறம்தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கே உறைத்தது. குனிந்து தன் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"வலிக்குதா?" என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம்.

"இல்ல" என்றார்.

இத்தனை நாளில் அவர் என்னிடம் சொன்ன உண்மை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"வீட்டுக்கு வா" என்றார். நான் பயந்துகொண்டிருந்தேனே, அதே மாதிரி அழுதார். தோள் குலுங்கக் குலுங்க, பலகையைக் கீழே வைக்காமல். என் கை பெட்டியின் பூட்டுக்குப் போனது, நீ என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்கிறேன், போனது. பஸ் வந்துவிட்டது.

"நடந்துதானே வந்தீங்க, நடந்தே போயிடுங்க. சாவி தையல்கார அம்மாகிட்ட இருக்கு" என்றேன். ஏறிவிட்டேன். ஜன்னலோர சீட்டுதான் கிடைத்தது. வளைவு திரும்பும்வரை பை அதிர்ந்துகொண்டே இருந்தது. அப்புறம் நின்றது. என் பலகையின் பேட்டரியை நான் கழற்றவில்லை, அதுவாகத்தான் நின்றது.

உன் ஊரில்தான் இருக்கிறேன். திகைக்காதே. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது, அறையில் மூன்று பேர். பட்டறைக்காரரை நேற்றே பார்த்துவிட்டேன், திங்கட்கிழமை வரச் சொன்னார். மாடி அறையை ஒழித்து வைத்த உன் வீட்டுக்காரிக்கு நான் கடன்பட்டவள், அவளிடம் நானே வந்து சொல்கிறேன். ஆனால் அந்த அறைக்கு வரவில்லை. நீ எழுதிய கடைசிப் பத்தியைத் திரும்பப் படித்துப் பார், ஏனென்று தெரியும். நீ அன்பாகத்தான் கேட்டாய், அவரும் அன்பாகத்தான் கேட்பார்.

உன் பலகைகள் நான்கும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. ஐந்தாவது அவர் கையில் இருக்கிறது, அதைத் திருப்பிக் கேட்காதே. நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிய வேண்டுமென்றால் என்னைக் கேள். சொல்லத் தோன்றினால் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன், எத்தனை மணிக்கு என்று சொல்ல மாட்டேன்.

நேற்று விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் யாருடைய போனோ அதிர்ந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றுவிட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டேன்.

அக்கா